மகன் மேல் எடுத்த உத்தரவு

குடும்ப வன்முறைக்கு எதிரான பாதுகாப்பு உத்தரவு என்றதும் அடி வாங்கிய மனைவியும் குடிகாரக் கணவனும்தான் பலருக்கு ஞாபகம் வரும். தென்னாப்பிரிக்காவின் டர்பனில், எங்கள் சாட்ஸ்வொர்த் நீதிமன்ற வராந்தாவில் ஒரு காலை நேரம் உட்கார்ந்து பாருங்கள். அந்த மனைவிகளோடு வேறொரு கூட்டமும் கண்ணில் படும். அறுபது, எழுபது வயது அம்மாக்கள். மடியில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் அடையாள அட்டை, ஆர்.கே. கான் ஆஸ்பத்திரிச் சீட்டு, மாத்திரை டப்பா. அவர்கள் உத்தரவு கேட்டு வந்திருப்பது பெற்ற மகன் மேல்.

காரணம் ஊருக்கே தெரியும். 2000-களின் நடுவில் இங்கே பரவிய 'சுகர்ஸ்'. ஹெராயினில் கண்டதையும் கலந்து மலிவாக விற்கும் சரக்கு. அது நுழைந்த வீட்டில் முதலில் அம்மாவின் பர்ஸிலிருந்து சில்லறை காணாமல் போகும். பிறகு கேஸ் சிலிண்டர், குழாயின் செம்பு, பித்தளை அண்டா. கடைசியில் சாமி அறைக் குத்துவிளக்கு. பென்ஷன் நாள் வந்தால் அம்மா வீட்டுக்குப் போகவே பயப்படுவாள். பணம் இல்லை என்று சொன்னால் கதவில் உதை, பிறகு அவள் மேலேயே கை.

கோயில் மண்டபத்தில் இவர்களுக்குப் படிவம் நிரப்ப உதவும் சிலரில் நானும் ஒருத்தி. வக்கீல் இல்லை, பல வருஷமாக இந்தக் காகிதங்களோடு பழகியதால் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன். உத்தரவு எப்படி வாங்குவது என்று சொல்லித்தர ஆள் உண்டு. வாங்கிய பிறகு அவன் மீறினால் என்ன ஆகும் என்பதைத்தான் யாரும் உட்கார்ந்து விளக்குவதில்லை. "இப்ப அவனுக்கு என்னம்மா ஆவும்?" என்று அந்த அம்மாக்கள் கேட்கும்போது அதில் இரண்டு பயம் இருக்கிறது. ஒன்றுமே ஆகாதோ என்பது ஒரு பயம். ஏதாவது ஆகிவிடுமோ என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் பெரிது.

தமிழில் எழுதவும் ஒரு காரணம் உண்டு. சம்பவ இடத்துக்கு வரும் போலீஸ், பாதிக்கப்பட்டவரிடம் அவருடைய உரிமைகளைச் சொல்லும் அறிவிப்பை ஏதாவது ஓர் ஆட்சி மொழியில் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். 1996 அரசியல் சாசனத்தின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழின் பெயரைச் சொல்கிறது; ஆனால் ஆட்சி மொழிகளில் தமிழ் இல்லை. ஆகவே அந்த அறிவிப்பு நம் ஆயாக்கள் கைக்குத் தமிழில் வராது.

சட்டத்தின் பெயர் குடும்ப வன்முறைச் சட்டம், 1998-ஆம் ஆண்டின் 116-ஆம் எண். 1999 டிசம்பர் 15-இல் நடைமுறைக்கு வந்தது. கணவன் மனைவி மட்டும் என்று இது எங்கும் சொல்லவில்லை. பெற்றோர், பிள்ளைகள், ரத்த உறவு, ஒரே கூரையின் கீழ் வாழ்பவர்கள், காதலர்கள், எல்லோரும் இதற்குள் வருகிறார்கள். அடிப்பது மட்டும்தான் வன்முறை என்றும் சொல்லவில்லை. மிரட்டுவது, அசிங்கமாகத் திட்டிக்கொண்டே இருப்பது, பின்தொடர்வது, சொத்தைச் சேதப்படுத்துவது எல்லாம் அதில் உண்டு. வீட்டுச் சாமான்களை உங்களைக் கேட்காமல் விற்றுவிடுவது பொருளாதார வன்முறை. அந்தக் குத்துவிளக்கைப் பழைய இரும்புக் கடையில் போட்டது வெறும் திருட்டு மட்டும் இல்லை. குடும்ப வன்முறை என்றே மனுவில் எழுதலாம். 2023 ஏப்ரல் 14 முதல் அமலில் இருக்கும் திருத்தம், முதியோரைக் கொடுமைப்படுத்துவதைத் தனியாகப் பெயர் சொல்லிச் சேர்த்திருக்கிறது.

சரி, மீறலுக்கு வருவோம்.

நீதிமன்றம் முதலில் கொடுப்பது இடைக்கால உத்தரவு. அது மகனுக்கு முறைப்படித் தெரிவிக்கப்படும் வரை அதற்கு உயிர் இல்லை. பொதுவாக நீதிமன்ற ஷெரிஃபோ போலீஸோ கொண்டுபோய்க் கொடுப்பார்கள். காகிதம் வாங்கி வந்த அன்றே எல்லாம் ஆரம்பித்துவிட்டது என்று நினைத்து நிம்மதியாகத் தூங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். அவன் வேறு யார் வீட்டிலோ சுற்றிக்கொண்டிருப்பான், உத்தரவு அவன் கைக்குப் போயே இருக்காது. அதனால் சேர்ப்பித்தாயிற்றா என்று நீதிமன்ற எழுத்தரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்; கேட்பது உங்கள் உரிமை. பிறகு ஒரு தேதியில் இரண்டு பேரையும் விசாரிப்பார்கள். சேர்ப்பித்தும் அவன் வராவிட்டால், மனுவில் ஆதாரம் இருந்தால், இறுதி உத்தரவு அவன் இல்லாமலே பிறக்கும். அந்த இறுதி உத்தரவுக்குக் காலாவதி கிடையாது. நீதிமன்றம் ரத்து செய்யும் வரை அது நிற்கும்.

உத்தரவோடு சேர்த்து இன்னொரு காகிதமும் பிறக்கிறது. அதைத்தான் பலரும் கவனிப்பதில்லை. அது கைது வாரண்ட். உத்தரவு கொடுக்கும்போதே மாஜிஸ்திரேட் வாரண்டுக்கும் கையெழுத்துப் போட்டு, அவன் உத்தரவை மதித்து நடக்கும் வரை அதை நிறுத்தி வைக்கிறார். மகன் மீறினால் புதிதாக ஒரு வழக்குப் போட்டு, தேதி வாங்கி, காத்திருக்க வேண்டியதில்லை. வாரண்ட் ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு எந்தப் போலீஸ் நிலையத்துக்கும் போகலாம். அந்த ஏரியா நிலையம்தான் என்ற கட்டாயம் இல்லை. மகளைப் பார்க்க டர்பனின் இன்னொரு பகுதியான ஃபீனிக்ஸ் போன இடத்தில் அவன் அங்கே வந்து கலாட்டா செய்தால் ஃபீனிக்ஸ் நிலையத்திலேயே கொடுக்கலாம்.

வாரண்டை மட்டும் நீட்டினால் போதாது. என்ன மீறினான் என்று சத்தியப் பிரமாண வாக்குமூலம் எழுதித் தர வேண்டும். இங்கே சார்ஜ் ஆபீஸ் என்கிறோமே, அந்தக் கவுண்டரிலேயே எழுதி, அங்கேயே சத்தியம் செய்து கையெழுத்துப் போடலாம். பல வழக்குகள் பலமாவதும் பிசுபிசுப்பதும் இந்த இடத்தில்தான்.

வெஸ்ட்கிளிஃப் பக்கத்து ஆயா ஒருவருக்கு எழுதப் போனேன். "அவன் ரொம்பத் தொந்தரவு பண்றான்னு எழுதும்மா" என்றார். அதை அப்படியே எழுதினால் ஒரு பிரயோசனமும் இல்லை. "என்ன பண்ணான் ஆயா?" "வந்தான்." "எங்க வந்து நின்னான்?" "குசினிக் கதவுகிட்ட." உத்தரவை எடுத்துப் பார்த்தோம். வீட்டு எல்லைக்குள்ளேயே வரக்கூடாது என்று ஒரு வரி இருந்தது. "எப்போ?" "நேத்து சாயந்தரம், விளக்கு வெச்ச பிறகு." "என்ன சொன்னான்?" ஆயா தலையைக் குனிந்துகொண்டார். ரொம்ப நேரம் பேசவில்லை. அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "காசு குடு, இல்லேன்னா வீட்டோட கொளுத்திடுவேன்னான். இன்னைக்கு ராத்திரி திரும்பி வருவேன்னு சொல்லிட்டுப் போனான்." அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்ல அவருக்கு அவ்வளவு வெட்கம். பெற்றவளையே கொளுத்துவேன் என்று ஒரு பிள்ளை சொன்னான் என்பது, தான் பிள்ளை வளர்த்த லட்சணத்தை ஊருக்குச் சொல்வது போல இருந்திருக்கிறது அவருக்கு.

அன்று ராத்திரியே அவனைக் கைது செய்ததற்குக் காரணம் அந்த வாக்கியம்தான். வாரண்டையும் வாக்குமூலத்தையும் வாங்கிய போலீஸ்காரர் பார்க்க வேண்டியது இது: இந்த மீறலால் மனுதாரருக்குத் தீங்கு நேர்கிறதா, நேரக்கூடுமா? அப்படிச் சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தால் உடனே கைது செய்தாக வேண்டும். இல்லை என்று நினைத்தால் கைது செய்யாமல், இன்ன தேதியில் நீதிமன்றத்துக்கு வா என்று அவனுக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுப்பார். ஆபத்து எவ்வளவு, மீறல் எவ்வளவு கடுமையானது, நடந்து எவ்வளவு நாள் ஆயிற்று என்பதை எல்லாம் எடைபோடச் சொல்கிறது சட்டம். அதனால்தான் மூன்று வாரம் பொறுத்துவிட்டு நான்காவது வாரம் போகாதீர்கள் என்று கெஞ்சிச் சொல்கிறேன். நாள் தள்ளத் தள்ள உங்கள் பயத்தின் எடை காகிதத்தில் குறைந்துகொண்டே போகும். வாக்குமூலத்தில் நாள், நேரம், இடம், அவன் வாயிலிருந்து வந்த வார்த்தை, மீறிய வரி எல்லாம் இருக்கட்டும். நடக்காததை மட்டும் சேர்க்க வேண்டாம். தெரிந்தே பொய் எழுதுவதும் இதே சட்டத்தில் குற்றம்.

கைதான பிறகு, சார்ஜ் ஆபீஸிலேயே ஜாமீன் கட்டி அன்றே வீட்டு வாசலில் வந்து நின்றுவிடுவானோ என்று பயப்படுவார்கள். 2022 ஆகஸ்டில் அமலுக்கு வந்த திருத்தத்துக்குப் பிறகு, பாதுகாப்பு உத்தரவை மீறிய வழக்கில் போலீஸ் நிலையத்தில் ஜாமீன் கொடுக்க முடியாது. மாஜிஸ்திரேட் முன்னால்தான் கேட்க வேண்டும். அங்கேயும், தன்னை வெளியே விடுவது நியாயம் என்று அவன்தான் காட்ட வேண்டும். கைதான எவரையும் பொதுவாக 48 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்தில் நிறுத்த வேண்டும் என்பது அரசியல் சாசனம் அவனுக்குத் தரும் உரிமை; அதுவும் அவனுக்கு உண்டு.

மீறல் குற்றத்துக்குச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு சொல்லும் தண்டனை அபராதம், அல்லது ஐந்து வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். மீறும்போது அவன் அடித்திருந்தால், கதவை உடைத்திருந்தால், திருடியிருந்தால், அவற்றுக்குத் தனித்தனிக் குற்றச்சாட்டு. ஐந்து வருஷம் என்பது உச்சவரம்பு. முதல் தடவை மீறியவனுக்குத் தண்டனையை எழுதிவிட்டு, இன்ன காலத்துக்குள் மறுபடி செய்யாதே என்று நிறுத்தி வைப்பதும் உண்டு. மறுபடி செய்தால் அந்தப் பழைய தண்டனையும் எழுந்து வரும். தண்டனை நிறுத்தி வைக்கப்பட்டாலும் குற்றப் பதிவு ஏறிவிடும். வேலைக்குப் போகும்போது போலீஸ் சான்றிதழ் கேட்டால் அது தெரியும். வீட்டில் துப்பாக்கி இருந்தால் நீதிமன்றம் பறிமுதல் செய்ய உத்தரவிடலாம்; இறுதி உத்தரவு ஒன்று இருந்தாலே, அவன் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியற்றவன் என்று அறிவிக்க 2000-ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் வழி செய்கிறது.

இவ்வளவும் சொன்னால் அந்த அம்மா முகம் வாடிவிடும். "வெஸ்ட்வில் ஜெயிலுக்கா அனுப்புவாங்க?" என்று கேட்பாள். பெற்ற மனம் பித்து என்பார்களே, அதை நான் எதிரே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வீட்டைக் கொளுத்துவேன் என்றவன் ஜெயிலில் சரியாகச் சாப்பிடுவானா என்று கவலைப்படுகிறவள் அவள். அவளுக்கு நான் சொல்வது இதுதான். போதைக்கு அடிமையானவனைத் தண்டனையோடு சேர்த்தோ, தண்டனைக்குப் பதிலாகவோ சிகிச்சை மையத்தில் வைக்க உத்தரவிடும் அதிகாரம் நீதிமன்றத்துக்கு உண்டு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 296-ஆம் பிரிவு அது. தானாகப் போக மறுப்பவனைச் சிகிச்சைக்கு அனுப்பக் குடும்பமே அரசு வழக்கறிஞர் வழியாக மாஜிஸ்திரேட்டிடம் கேட்க 2008-ஆம் ஆண்டுப் போதைத் தடுப்புச் சட்டத்திலும் வழி இருக்கிறது. எங்கள் பக்கத்தில் சில பையன்கள் திருந்தியதற்குக் கைதுதான் ஆரம்பமாக இருந்தது. அந்த ஒரு வாரமாவது அவன் உடம்பில் சுகர்ஸ் ஏறவில்லை, யாரோ ஒருவர் அவன் பெயரைக் கேட்டுக் காகிதத்தில் எழுதினார். எல்லோருக்கும் அப்படி நடக்கும் என்று நான் சத்தியம் செய்ய முடியாது. வீட்டில் ஒளித்து வைத்து, காசு கொடுத்து, அக்கம்பக்கத்தில் மறைத்து எவனும் திருந்தியதை மட்டும் நான் பார்த்ததில்லை.

அடுத்து, சொந்தக்காரர்கள். கைது நடந்த மறுநாள் காலையில் அம்மா வீட்டில் கூட்டம் சேரும். மாமா வருவார், சித்தி வருவாள். "கேஸை வாபஸ் வாங்கிடு அக்கா, புரட்டாசி மாசம் அதுவுமா பிள்ளையைக் கோர்ட்டுல நிறுத்தலாமா?" இவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. அந்த வழக்கு அவள் கையில் இல்லை. உத்தரவை மீறியது அரசாங்கத்துக்கும் அவனுக்கும் இடையிலான வழக்கு. அவள் அதில் சாட்சி. சட்டத்தின் 18-ஆம் பிரிவைப் பாருங்கள்: மீறல் வழக்கை நடத்த மறுக்கவோ, போட்ட வழக்கைத் திரும்பப் பெறவோ, மேலிருந்து பொதுக் குற்றவழக்கு இயக்குநரின் அனுமதி இல்லாமல் அரசு வழக்கறிஞரால்கூட முடியாது. இதை எழுதியவர்கள் சும்மா எழுதவில்லை. பயமுறுத்தியும் அழுதும் கேஸை வாபஸ் வாங்க வைப்பார்கள் என்பதும், அந்தச் சுமையை அவள் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்பதும் அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால் மாமாவும் சித்தியும் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தால், விசாரணை நாளில் அவளோடு கோர்ட்டுக்கு வந்து பக்கத்தில் உட்காரட்டும். மகனைக் குற்றவாளி ஆக்கிவிட்டாள் என்று அவளைச் சொல்லாதீர்கள். என்ன செய்யக்கூடாது என்று வரிவரியாக எழுதி அவன் கையில் கொடுத்திருந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவன் செய்தான்.

இன்னொரு சிக்கலும் அடிக்கடி வரும். அம்மாவே கூப்பிட்டிருப்பாள். மழை, குளிர், பையன் வெளியே நடுங்கிக்கொண்டு நிற்கிறான், கதவைத் திறந்து சோறு போட்டுவிட்டாள். அதோடு உத்தரவு செத்துவிட்டது என்று அவனும் நினைக்கிறான், அவளும் நினைக்கிறாள். இல்லை. உத்தரவு போட்டது நீதிமன்றம்; அவள் இரக்கப்பட்டதால் அது மாறாது. சோறு தின்ற பிறகு அவன் கை ஓங்கினால் அவள் வாரண்டை எடுத்துக்கொண்டு தாராளமாகப் போகலாம், போகவும் வேண்டும். நீதான் கதவைத் திறந்தாய் என்று குறுக்கு விசாரணையில் கேட்பார்கள். திறந்தேன், சோறு போட்டேன், அடிக்கச் சொல்லவில்லை என்று பதில் சொல்லலாம்.

போலீஸைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நல்லவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வாரண்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "இது உங்கள் குடும்ப விஷயம், வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்" என்று ஓர் அம்மாவைத் திருப்பி அனுப்பியவரையும் கவுண்டருக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். எனக்கு அன்று வந்த கோபம் இன்னும் தணியவில்லை. குடும்ப விஷயம் என்ற பேச்சுக்கு இந்த நாட்டின் உயர்ந்த நீதிமன்றம் எப்போதோ பதில் சொல்லிவிட்டது. 1999-இல் பலோயி வழக்கு. ராணுவ அதிகாரி ஒருவர் தடை உத்தரவை மீறி மனைவியைத் தாக்கியவர். அப்போதிருந்த பழைய சட்டத்தின் பிரிவு செல்லாது என்று கீழே தீர்ப்பாகியிருந்தது. அரசியல் சாசன நீதிமன்றத்தில் நீதிபதி ஆல்பி சாக்ஸ் அதை மாற்றி எழுதினார். குடும்பத்துக்குள் நடக்கும் வன்முறை மறைந்தும் திரும்பத் திரும்பவும் நடப்பது, அதைத் தடுக்க வேண்டிய கடமை அரசுக்கு உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். 2005-இல் ஓமர் வழக்கில், இப்படி முன்கூட்டியே வாரண்ட் கொடுத்து வைப்பது அநியாயம் என்று வாதாடினார்கள். அதையும் அந்த நீதிமன்றம் ஏற்கவில்லை. 2011-இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம், வென்டர் வழக்கில், இந்தச் சட்டம் தரும் பாதுகாப்பைப் பற்றிச் சொல்லாமல் விட்ட போலீஸின் அலட்சியத்துக்கு, போலீஸுக்குப் பொறுப்பான அமைச்சர் நஷ்டஈடு தர வேண்டும் என்றது.

ஆகவே திருப்பி அனுப்பினால் சும்மா வராதீர்கள். அவர் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நிலையத் தலைவரைப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். இந்தச் சட்டப்படியான கடமையைச் செய்யத் தவறுவது போலீஸ்காரருக்கு ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். பெரும்பாலும் நிலையத் தலைவரிடம் போகிறேன் என்று சொன்னதுமே படிவம் மேஜைக்கு வந்துவிடும். உடனடி ஆபத்து என்றால் போலீஸ் எண் 10111. பேசவும் வழி கேட்கவும் பாலின வன்முறைக் கட்டளை மையத்தின் கட்டணமில்லா எண் 0800 428 428, நாள் முழுக்க எடுப்பார்கள்.

வாரண்டை வீட்டில் வைக்கும் இடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையன் தேடிக் கிழித்துப் போட்ட கதை உண்டு. சாமி படத்துக்குப் பின்னால் வைப்பார்கள். அவனுக்கும் அந்த இடம் தெரியும். பக்கத்து வீட்டிலோ மகள் வீட்டிலோ கொடுத்து வையுங்கள். தொலைந்தாலும், கிழிந்தாலும், ஒரு தடவை கைதுக்குப் பயன்பட்டுவிட்டாலும், நீதிமன்ற எழுத்தரிடம் வாக்குமூலம் கொடுத்தால் இன்னொரு வாரண்ட் கொடுப்பார்கள். அதற்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஒரு முறை கைதானதோடு உத்தரவு தீர்ந்துபோவதில்லை.

அவன் உண்மையிலேயே திருந்தி வந்தால்? சிகிச்சை முடித்து, ஒரு வேலையில் ஒட்டிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை அம்மா கையால் சாப்பிட வேண்டும் என்று ஆசைப்பட்டால்? அப்படியும் வந்திருக்கிறார்கள். அப்போதும் வீட்டுக்குள் பேசி முடிக்க வேண்டாம். உத்தரவு கொடுத்த அதே நீதிமன்றத்தில் 10-ஆம் பிரிவின்படி மனுப் போடுங்கள். அம்மா தானாக, யார் கட்டாயமும் இல்லாமல் கேட்கிறாள் என்று மாஜிஸ்திரேட்டுக்குத் திருப்தி வர வேண்டும்; அதற்காகக் கேள்வி கேட்பார், அவள் நேராகப் பதில் சொல்லலாம். முழுவதையும் ரத்து செய்யக் கேட்க வேண்டும் என்பதும் இல்லை. வீட்டுக்குள் வரக்கூடாது என்ற வரியை மட்டும் எடுத்துவிடச் சொல்லி, அடிக்கக்கூடாது, மிரட்டக்கூடாது, சாமானைத் தொடக்கூடாது என்ற வரிகளை அப்படியே விட்டுவைக்கக் கேட்கலாம். நான் எல்லா அம்மாக்களுக்கும் சொல்லும் யோசனை இந்த இரண்டாவது வழி. மகன் வீட்டுக்கு வந்து சாப்பிடலாம், வாரண்டும் மகள் வீட்டில் இருக்கும்.